இறக்கத்தைப் பார்த்து வண்டி எடுங்கள்

கெப் வாங்க வருகிறவர் கேட்கும் முதற் கேள்வி "இழுக்குமா?" என்பதுதான். கந்தப்பளையிலிருந்து கரட்டும் லீக்ஸும் ஏற்றுகிறவர் கேட்பதும் அதையே, லிந்துலைப் பக்கம் கொழுந்து ஏற்ற ஒப்பந்தம் எடுத்தவர் கேட்பதும் அதையே. நியாயமான கேள்வி. ஆனால் மலைநாட்டில் அது இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. முதலில் கேட்க வேண்டியது, "சுமையோடு இறங்கும்போது பிடிக்குமா?" என்பது. ஏற்றத்தில் வலுக் குறைந்த வண்டி முதல் கியரில் முனகிக்கொண்டாவது போய்ச் சேரும். போகாவிட்டால் நிற்கும், நாலு சாக்கை இறக்கிவைத்தால் மறுபடி கிளம்பும். இறக்கத்தில் பிடி விட்ட வண்டிக்கு இன்னொரு தடவை கிடையாது. ஆகவே இந்த அத்தியாயத்தில் நிறுத்தும் ஆற்றல் முதலில் வருகிறது, முடக்கில் திரும்பும் ஆற்றல் அடுத்தது, இழுவை அதற்குப் பிறகு. விற்பனைக் கூடத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

நம் பக்கத்துச் சுமை இறங்கும் பெரிய வீதிகள் இரண்டு. ஏ7 வீதி அவிசாவளையிலிருந்து கித்துல்கலை, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று ஏறி நுவரெலியா வருகிறது. ஏ5 வீதி பேராதனையிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக ஏறி, நுவரெலியாவைக் கடந்து வெலிமடைப் பக்கம் பதுளைக்கு இறங்குகிறது. நுவரெலியா நகரம் கடல் மட்டத்துக்கு மேல் 1,868 மீற்றர். ஹட்டன் ஏறத்தாழ 1,270. கம்பளையோ 500 மீற்றருக்கும் கீழே. ஹட்டனிலிருந்து கித்துல்கலைக்குப் போகிற லொறி 1,000 மீற்றருக்கு மேல் உயரம் இறங்குகிறது. ரயில் 1884இல் ஹட்டனுக்கும் 1885இல் நானுஓயாவுக்கும் வந்தது; நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை ஓடிய சின்ன ரயில் 1948இல் நின்றுபோனது. அன்று முதல் அந்தப் பக்கத்து உரமும் அரிசியும் தேயிலையும் மரக்கறியும் டயரில்தான் போய் வருகின்றன.

2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் பஸ் ஒன்று வானுடனும் முச்சக்கர வண்டியுடனும் மோதி 7 பேர் உயிரிழந்தார்கள். 2025 மே மாதத்தில் கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து 20இற்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த வீதிகளில்தான் நம் சுமையும் போகிறது, நம் பிள்ளைகள் பள்ளிக்கூட வானில் போவதும் அதே வீதிகளில்தான். வண்டி வாங்குவது உங்கள் சொந்தப் பணம் சம்பந்தப்பட்ட விடயம் மட்டுமன்று என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

ஏற்றத்துக்கு எவ்வளவு வலு வேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாகவே வேண்டும். கணக்கைப் பாருங்கள். வண்டியும் சுமையும் டிரெயிலரும் சேர்ந்து 4 தொன் என்று வைத்துக்கொள்வோம். பத்தடி போனால் ஓரடி உயரும் ஏற்றத்தில், அந்த 4 தொன்னை மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் மேலே தூக்க ஏறத்தாழ 30 குதிரைவலு போதும். 40 கிலோமீற்றர் வேகம் வேண்டுமென்றால் 60. டயர் உருளும் தடைக்கும் கியர்ப்பெட்டியில் வீணாவதற்கும் இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். முடக்குக்கு முடக்கு வேகம் குறைக்க வேண்டிய நம் வீதிகளில் 40இற்கு மேல் ஓட இடமே இல்லை. 100 குதிரைவலு உள்ள வண்டிக்கும் 180 உள்ளதற்கும் புசல்லாவையிலிருந்து றம்பொடைக்குப் போகும்போது மிச்சமாகும் நேரம் சொற்பம்.

உயரம் மட்டும் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தன் வலுவில் ஏறத்தாழ 3 வீதத்தை இழக்கும். நுவரெலியாவில் அது 18 வீதம் அளவுக்கு வரும். கீழ்நாட்டில் 80 குதிரைவலு காட்டிய பழைய டீசல் எஞ்சின் இங்கே 65இற்குச் சற்று மேல்தான் தரும். டர்போ உள்ள எஞ்சின் இந்த இழப்பின் பெரும் பகுதியைத் தானே ஈடுசெய்துகொள்ளும். இராகலை, கந்தப்பளை, பட்டிப்பொலை உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு டர்போ அவசியம் என்றே சொல்வேன். நோர்வூட், கினிகத்தேனைப் பக்கம் டர்போ இல்லாத நல்ல எஞ்சின் கிடைத்தால் அதைத் தள்ள வேண்டாம். பழுது பார்ப்பது இலகு.

தண்ணீரும் உயரத்தில் சீக்கிரம் கொதிக்கும். நுவரெலியாவில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 பாகையிலேயே கொதிக்கிறது. ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரை கவலையில்லை. அதன் ரப்பர் செத்துப்போனால் ஏற்றத்தின் நடுவில் வண்டி கொதித்து நிற்கும். பாவித்த வண்டி வாங்கினால் முதல் வாரத்திலேயே புது மூடி போடுங்கள். சின்னச் செலவு.

பெற்றோலா, டீசலா?

அமெரிக்காவில் பாரம் இழுப்பதற்கென்றே பெரிய பெற்றோல் பிக்கப் வண்டிகளைச் செய்கிறார்கள். ஃபோர்ட் எஃப்-250இல் வரும் 7.3 லீற்றர் வி8 பெற்றோல் எஞ்சின் 430 குதிரைவலு, 640 நியூட்டன் மீற்றருக்கு மேல் முறுக்குவிசை தரும். காணொளிகளில் அவற்றைப் பார்த்துவிட்டு "அப்படியொன்று இங்கே வந்தால்" என்று ஏங்கும் இளைஞர்கள் தோட்டங்களிலும் இருக்கிறார்கள். அந்த வண்டியின் நீளம் 6.35 மீற்றர், கண்ணாடிகளை விட்டு அகலம் 2 மீற்றருக்கு மேல். அங்கே இழுவை ஆற்றலை அளக்கும் சோதனைகளில் ஒன்று அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தை வைத்து வகுக்கப்பட்டது: 18 கிலோமீற்றர் தூரத்தில் 900 மீற்றர் அளவு உயரம், கடும் வெயில், குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு குறித்த வேகம் குறையாமல் ஏற வேண்டும். அந்தச் சோதனை நடப்பது அகன்ற நெடுஞ்சாலையில். இரண்டு லொறி ஒதுங்க இடமில்லாத டயகம வீதிக்கு அந்த எண் எதையும் சொல்லாது.

இங்கே கிடைக்கும் வண்டிகளுக்குள் ஒப்பிடுவோம். டொயோட்டா ஹைலக்ஸின் 2.7 லீற்றர் பெற்றோல் எஞ்சின் 245 நியூட்டன் மீற்றர் தரும், அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால்தான். இசுசு டி-மெக்ஸின் 1.9 லீற்றர் டர்போ டீசல் 350 நியூட்டன் மீற்றரை 1,800 சுற்றிலேயே கொடுத்துவிடும். முடக்கில் வேகம் செத்து மறுபடி எழும்ப வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் இந்த வித்தியாசம் கிளச்சில் தெரியும். சுற்றைக் கூட்டிக் கூட்டிக் கிளம்ப வேண்டிய வண்டியின் கிளச் தட்டு வேளைக்கே தேயும். ஒரு தொன்னுக்கு மேல் நாள்தோறும் ஏற்றுகிறவருக்கு டீசல்தான் சரி.

பெற்றோலையும் ஒரேயடியாக ஒதுக்கிவிட வேண்டாம். கடைக்குச் சாமான், பால், பாண், பூக்கள் என்று அரைத் தொன்னுக்குள் ஓடுகிறவருக்குச் சின்ன பெற்றோல் லொறி நல்லது. ஜனவரி விடியலில் புல்லில் பனி உறைந்து கிடக்கும்போதும் உடனே இயங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும் தன்மை பெற்றோலில் இயல்பாகவே கூட. டீசல் எடுப்பவர் ஹீட்டர் பிளக் நான்கும் வேலை செய்கின்றனவா, பட்டறி குளிரில் சுற்றுகிறதா என்பதை விடியற்காலையில் போய்ப் பார்த்தே வாங்க வேண்டும். பகல் பதினொரு மணிக்கு எல்லா டீசலும் இயங்கும்.

புதிய டீசல்களில் இன்னொன்றைக் கவனியுங்கள். புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி உள்ள வண்டி, இடைக்கிடை நல்ல வேகத்தில் சூடாக ஓடினால்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்யும். மலையிலிருந்து மடுவம், மடுவத்திலிருந்து ஸ்டோர் என்று இரண்டு மூன்று கிலோமீற்றர் மட்டும் ஊர்ந்து ஓடினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அதே வண்டி வாரம் இரண்டு முறை தம்புள்ளைக்கோ பேலியகொடைக்கோ மரக்கறி கொண்டுபோனால் பிரச்சினை வராது. இந்த எஞ்சின்களின் இன்ஜெக்டர் தண்ணீர் கலந்த டீசலையும் தாங்காது. 2022 தட்டுப்பாட்டுக் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கத்தால் கேனில் சேர்த்து வைத்த டீசலை ஊற்றுகிறவர்கள், டீசல் பில்டருக்குக் கீழே தேங்கும் தண்ணீரை ஒழுங்காகத் திறந்துவிட வேண்டும்.

பிடிக்கும் வண்டி

4 தொன் எடையை 1,000 மீற்றர் கீழே இறக்கும்போது வெளிவரும் சக்தி, சுமார் 15 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சொட்டு மிச்சமில்லாமல் ஆவியாக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் தின்னும். மீதியை எஞ்சினும் பிரேக்கும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சின் எடுக்காததெல்லாம் நான்கு சில்லுக்குள் சூடாக ஏறும். சூடு ஏற ஏற பிரேக் லைனர் வழுக்கும்; இன்னும் ஏறினால் பிரேக் ஒயில் கொதித்துக் குழாய்க்குள் குமிழி கட்டும். குமிழி அமுங்கும் பொருள். ஆகவே பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை. ஈரம் ஏறிய பின் அது 140 வரை இறங்கலாம். டொட் 4 ஒயிலுக்கு இந்த எண்கள் 230, 155. வருடத்தில் பாதி நாள் மழையும் பனிப்புகாருமாக இருக்கும் நம் பிரதேசத்தில் ஒயில் ஈரம் குடிப்பதைத் தடுக்க முடியாது, மாற்றத்தான் முடியும். வண்டியின் கைநூல் அனுமதித்தால் டொட் 4 போடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதையும் வடித்து மாற்றுங்கள். எஞ்சின் ஒயிலை நாள் தவறாமல் மாற்றுகிற கவனமான ஓட்டுநர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். என் கையில் அதிகாரம் இருந்தால் ஒவ்வொரு சுமை வண்டியின் கதவிலும் இந்தத் திகதியை எழுதிவைக்கச் சொல்வேன்.

எஞ்சின் எவ்வளவு பிடிக்கும் என்பதை வாங்கும்போதே பார்க்க வேண்டும். இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கேன்டர் போன்ற லொறிகளில் பெரும்பாலானவற்றுக்குப் புகைக்குழாயை அடைத்து எஞ்சினால் பிடிக்கும் எக்சோஸ்ட் பிரேக் உண்டு. ஸ்டியரிங் பக்கத்துச் சின்னத் தண்டை இழுத்தால் ஆக்ஸிலேட்டரை விட்டதும் வண்டி அடங்கும். இரண்டு தொன்னுக்கு மேல் ஏற்றி றம்பொடைப் பக்கம் இறங்குகிறவர் இதை வேலை செய்யும் நிலையில் வைத்திருப்பது கட்டாயம். பாவித்த லொறிகளில் அந்தத் தகடு இறுகிப்போய், வயரைக் கழற்றி விட்டிருப்பார்கள். "அது தேவைப்படாது" என்று விற்கிறவர் சொன்னால் விலையைக் குறைத்துப் பேசுவதற்கு முன், ஏன் பழுதாக விட்டார் என்று கேளுங்கள்.

கெப்களில் அந்த வசதி இருக்காது. அங்கே கியர்தான் பிடி. நான்கு சில்லு ஓட்டமும் லோ கியரும் உள்ள கெப்பை வாங்கச் சொல்வதற்கு, சேற்றில் ஏறும் என்பதைவிட இறங்கும்போது எஞ்சின் இறுகப் பிடிக்கும் என்பதே எனக்குப் பெரிய காரணம். கல் ரோட்டிலும் மழையில் ஊறிய மண் ரோட்டிலும் லோவில் போட்டு இறங்கினால் பிரேக்கை அரிதாகத்தான் தொட வேண்டிவரும். ஆனால் சாதாரணக் கெப்களில் இதைக் காய்ந்த தார் வீதியில் போடக்கூடாது. முன்னும் பின்னும் ஒரே சுற்றில் பூட்டப்படுவதால் முடக்கில் டயரும் கியரும் ஒன்றையொன்று முறுக்கும். தார் வீதியில் பழைய ஓட்டுநர்களின் விதியே போதும்: ஏறும்போது எந்த கியர் வேண்டுமோ, இறங்கும்போதும் அதே கியர். இன்றைய டர்போ எஞ்சின்களுக்கு அதிலும் ஒன்று குறைத்துக்கொள்வது நல்லது. டீசல் மிச்சம் என்று நியூட்டரில் விடுகிற பழக்கம் உள்ளவர் கையில் எந்த வண்டியும் பத்திரமில்லை. மிச்சமும் இல்லை: ஆக்ஸிலேட்டரை விட்டுக் கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் டீசலை முற்றாகவே நிறுத்திக்கொள்கின்றன.

இன்னும் ஒன்று. பின்பக்கம் தாழ்கிறது என்று ஸ்பிரிங்கில் மேலதிக பிளேட் போடுவது நம் கராஜ்களில் சர்வ சாதாரணம். பிளேட் கூட்டினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். எக்ஸிலும் சில்லும் பிரேக்கும் பழையவையே. பல கெப்களில் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் போக வேண்டும் என்பதை, பின்பக்கம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தே ஒரு வால்வு முடிவு செய்கிறது. பிளேட் போட்டு உயர்த்திய வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றினாலும் அந்த வால்வு வெற்று வண்டி என்றே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். சுமை கூடிய அதே நேரத்தில் பிடி குறைகிறது. பிளேட் கூட்டிய கெப்பை வாங்குவதாக இருந்தால் அந்த வால்வின் தண்டைச் சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்கிடம் முதலில் கொண்டுபோங்கள்.

டிரெயிலரும் டிரக்டர் பெட்டியும்

கெப்புக்குப் பின்னால் டிரெயிலர் கொழுவுவது நம் பக்கம் குறைவு. தண்ணீர் பவுசர், ஜெனரேட்டர், மருந்தடிக்கும் இயந்திரம் என்று தோட்டங்களில் தேவை வருகிறது. ஹைலக்ஸ், டி-மெக்ஸ் கெப்களின் புதிய வகைகளுக்கு அவுஸ்திரேலியாவில் 3,500 கிலோ வரை இழுவை அனுமதி இருப்பதைச் சொல்லி விற்கிறார்கள். அந்த எண் டிரெயிலருக்குத் தனிப் பிரேக் இருந்தால் மட்டும் பொருந்தும். பிரேக் இல்லாத டிரெயிலருக்கு அதே வண்டிகளுக்கு அங்கே 750 கிலோதான். நம்மூரில் வெல்டிங் பட்டறையில் செய்யும் டிரெயிலர்களில் பிரேக் வைப்பது அரிது. எனவே உங்கள் எல்லை 750 கிலோ, டிரெயிலரின் சொந்த எடையும் சேர்த்து. 1,000 லீற்றர் தாங்கி கொண்ட பவுசர் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன். அதைக் கெப்பில் கொழுவி இறங்கக்கூடாது. பாதி நிரப்பினால் சரியாகும் என்று எண்ணவும் வேண்டாம். அரைத் தாங்கித் தண்ணீர் முடக்குக்கு முடக்கு அலைந்து வண்டியையும் அலைக்கும்.

டிரெயிலரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்தும்படி சுமையைச் சற்று முன்பக்கம் வையுங்கள். பின்பாரமானால் வால் ஆடும். கொக்கி கழன்றாலும் டிரெயிலர் பிரிந்து போகாதபடி இரண்டு சங்கிலி, கீழே குறுக்காகப் போட்டது, எப்போதும் இருக்கட்டும்.

டிரக்டர் வேறு கதை. மாஸி ஃபெர்குசன் 240 போன்றது 50 குதிரைவலுவுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு பெட்டி நிறைய விறகோ உரமோ இழுக்கும். அதன் கியர் அப்படி. சமதரை வயலுக்குச் செய்த அந்த இயந்திரத்தை நாம் மலையில் ஓட்டுகிறோம் என்பதை மறந்துவிட வேண்டாம். அதற்கு இரண்டு பின் சில்லுக்கும் தனித்தனிப் பிரேக் பெடல். வயலில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்துத் திரும்ப அது உதவும். வீதியில் இறங்கும்போது இரண்டு பெடலையும் இணைக்கும் கொண்டியைப் போடாமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி ஒரு பக்கம் சுழன்றுவிடும், பெட்டி பின்னாலிருந்து தள்ளும். பாவித்த டிரக்டர் வாங்கும்போது அந்தக் கொண்டி இருக்கிறதா என்பதை எஞ்சினுக்கு முன் பாருங்கள். இழுவைக்குக் கயிறோ கம்பியோ கட்டுவதானால் கீழேயுள்ள இழுவைத் தண்டில் மட்டும் கட்டுங்கள். மேலே கட்டினால் ஏற்றத்தில் முன்பக்கம் தூக்கிப் பின்னால் கவிழும். ஓட்டுபவர் குதிப்பதற்குக்கூட நேரம் கிடைக்காது.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். மலைக்குப் போகும் பெண்கள் நடந்து களைக்கிறார்கள் என்பது உண்மை. அவர்களை ஏற்ற ஆசன வரிசையும் கூரையும் உள்ள வண்டி கேட்பது உரிமை. அடி உயரப் பலகை மட்டும் அடித்த, பிரேக் இல்லாத பெட்டி அதற்குப் பதிலாகாது.

எந்த வண்டி யாருக்கு?

டாடா ஏஸ், நாமெல்லாம் டிமோ பட்டா என்று சொல்வது, 2005இல் இந்தியாவில் வந்த வண்டி. முதல் வகைக்கு இரண்டு சிலிண்டர், 702 சீ.சீ. டீசல், 16 குதிரைவலு, 750 கிலோ சுமை. நிறை சுமையோடு பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் 15 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. ஆனாலும் தோட்டத்துக்குள் அதை நான் மதிக்கிறேன். 4.3 மீற்றர் ஆரத்தில் திரும்பிவிடும். லயத்து வாசல்வரை போகும். பெரிய லொறி இரண்டு முறை பின்னெடுக்கும் முடக்கை ஒரே வெட்டில் எடுக்கும். சொன்ன 750 கிலோவை மீறாமல் ஓட்டத் தெரிந்தவருக்கு, டவுன் வரை மட்டும் ஓடுகிறவருக்கு, அது போதும். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு நாள்தோறும் சுமை கொண்டுபோக அதை எடுக்க வேண்டாம்.

கொழுந்துக்கு எடையைவிடக் கொள்ளளவுதான் முதலில் முடியும். இறுக்கி அடைத்த கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். ஸ்டோரில் விலை விழும். அதனால் காற்றுப் போகும் கூடு கட்டிய, தட்டம் நீளமான லொறி வேண்டும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை நினைத்தால் எவ்வளவு சாக்கு ஏற வேண்டும் என்பது புரியும். கூட்டை உயரமாகக் கட்டும் ஆசை இங்கேதான் வருகிறது. உயரம் கூடினால் முடக்கில் சாய்வு கூடும், மழைநாள் கொழுந்து தண்ணீரையும் சேர்த்துச் சுமக்கும். இரட்டைப் பின் டயர் போட்ட எல்ஃப், கேன்டர் வகை சின்ன லொறிதான் கொழுந்துக்கு என் தெரிவு. மரக்கறி, உருளைக்கிழங்கு ஏற்றுகிறவருக்கும் அதையே சொல்வேன். அந்தச் சுமையில் இடம் முடிவதற்கு முன் எடை முடிந்துவிடும். ஆகவே தட்டத்தின் அளவைப் பார்த்து ஏற்றாமல் மொத்த நிறையைக் கணக்கிட்டு ஏற்றுங்கள். கணக்குச் சுலபம். பதிவுப் புத்தகத்தில் உள்ள மொத்த நிறையிலிருந்து வெற்று நிறையைக் கழியுங்கள். வந்த எண்ணிலிருந்து ஓட்டுநர், உதவியாளர், பின்னால் கட்டிய இரும்புக் கூடு எல்லாவற்றையும் கழியுங்கள். மிச்சம்தான் சாக்குக்கு. கூட்டின் எடையை நம்மவர்கள் எப்போதும் மறப்பார்கள்.

சிங்கிள் கெப் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஒரு தொன்னளவு சுமை, நான்கு சில்லு ஓட்டம், எந்த ரோட்டிலும் போகும் உயரம். கல் ரோட்டுக்கு அப்பால் காணி வைத்திருக்கும் சிறுதோட்டக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வண்டியில்லை. டபள் கெப்பில் சுமைத் தட்டம் சிறிது, விலை பெரிது. ஆனால் தூரத்துத் தோட்டங்களில் ஒரே வண்டியே எல்லாத்துக்கும். 1990 அம்புலன்ஸ் வந்து சேர முடியாத கல் ரோட்டின் முனையில் பிரசவ வலி கண்டவளையும் நெஞ்சு வலி வந்த பெரியவரையும் டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோக வேண்டியது பக்கத்து லயத்துக்காரரின் வண்டிதான். அதற்காகப் பின் ஆசனமுள்ள வண்டியை எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், தட்டத்தின் அளவைக் காட்டி நான் அவரோடு வாதாட மாட்டேன்.

டயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். சுமை வண்டிக்கு உரிய தடித்த பக்கச் சுவர் கொண்ட டயர்தான் போட வேண்டும்; கார் டயரின் அளவு பொருந்தினாலும் அது சுமையைத் தாங்காது. ரீபில்ட் டயரை முன்னால் ஒருபோதும் போடக்கூடாது.

பாவித்த வண்டி பார்க்கும் நாள்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியில்தான் பொதுவாகத் திறந்தது. அந்த ஐந்து வருடம் நாட்டில் இருந்த வண்டிகளே கைமாறிக் கைமாறி உழைத்தன. வரி சேர்ந்த புது வண்டியின் விலை பலருக்கு எட்டாது என்பதால் நம்மில் பெரும்பாலோர் வாங்கப் போவது அந்த உழைத்த வண்டிகளில் ஒன்றைத்தான். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்ப வேண்டாம். பெடல் ரப்பரின் தேய்வையும் ஸ்டியரிங் மேல் தோலையும் பாருங்கள்.

சேஸியை ஆணி கொண்டு தட்டிப் பாருங்கள். உரம் ஏற்றிய வண்டியில் யூரியாவும் சல்பேட்டும் ஈரத்தோடு சேர்ந்து தட்டத்துக்கு அடியிலுள்ள இரும்பைத் தின்றிருக்கும். மேலே புதுப் பெயின்ற் பளபளக்கும். கீழே குறுக்குச் சட்டம் பொருக்காக உதிரும். தட்டத்தின் பலகையைக் கழற்றிக் காட்ட மறுக்கிறவரின் வண்டியை விட்டுவிடுங்கள். தட்டத்தை நூறு தடவை மாற்றலாம், சேஸி அப்படியன்று.

ஓட்டிப் பார்ப்பது சுமையோடு இருக்க வேண்டும். வெற்று வண்டியில் எல்லாமே நன்றாக இருக்கும். விற்பவரின் சம்மதத்தோடு அனுமதித்த சுமையில் பாதியாவது ஏற்றுங்கள். மணல் சாக்கு போதும். முதலில் ஏறுங்கள். நடு ஏற்றத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை மட்டும் போட்டுப் பார்த்து, மறுபடி முதல் கியரில் கிளம்புங்கள். கிளச் கருகும் வாசம் வந்தால் தட்டின் செலவை விலையில் கழியுங்கள். பிறகு அதே வழியில் குறைந்த கியரில் இறங்குங்கள். நான்கைந்து கிலோமீற்றர் இறக்கம் வேண்டும். கீழே வந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சில்லுக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். நான்கும் ஒரே அளவு சூடாக இருக்கிறதா, ஒன்று மட்டும் அனலடிக்கிறதா, ஒன்று குளிர்ந்து கிடக்கிறதா என்பது அங்கே தெரியும். குளிர்ந்து கிடக்கும் சில்லில் பிரேக் வேலை செய்யவில்லை. பெடலை மறுபடி அமுக்குங்கள். மேலே இருந்தபோது நின்ற இடத்தில்தான் இப்போதும் நிற்க வேண்டும்.

உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்பதையும் வாங்கும் முன் விசாரியுங்கள். எல்ஃப், கேன்டர், ஹைலக்ஸ் என்றால் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் பாதி கிடைக்கும், மீதி கொழும்புப் பஞ்சிகாவத்தையில். அரிய வகை வண்டியை மலிவாக எடுத்தவர் ஒரு வீல் சிலிண்டருக்காக வாரக்கணக்கில் வண்டியை நிறுத்திவைக்க நேரும். அந்த வாரத்தில் கொழுந்து காத்திருக்காது.

கடைசியாகக் கடதாசிகள். பதிவுச் சான்றிதழில் உரிமையாளரின் பெயரோடு முழு உரிமையாளர் என்ற இடத்தையும் படியுங்கள். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் தீரும்வரை வண்டி உண்மையில் அவர்களுடையது. தீர்த்துவிட்டதற்கான கடிதம் கையில் வராமல் பணம் கொடுக்க வேண்டாம். சேஸி இலக்கத்தை, பென்சிலால் தேய்த்தெடுத்து, சான்றிதழோடு ஒப்பிடுங்கள். லொறி என்று பதிவான வண்டிக்கு வருமான அனுமதிப்பத்திரம், புகைச் சான்றிதழ் இவற்றோடு தகுதிச் சான்றிதழும் வேண்டும். மொத்த நிறை 3,500 கிலோவைத் தாண்டிய லொறியை ஓட்ட சீ1 வகுப்பு உரிமம், டிரக்டருக்கு ஜீ, கைடிரக்டருக்கு ஜீ1. கார் ஓட்டும் பீ வகுப்பு உரிமத்தோடு லொறியில் ஏறினால், ஏதும் நடந்துவிட்ட பின் காப்புறுதிக் கம்பனி முதலில் கேட்கப் போவது அந்த எழுத்தைத்தான். ஓட்டுநரை வேலைக்கு வைப்பவர் அவருடைய உரிமத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, வகுப்பையும் முடிவுத் திகதியையும் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளட்டும்.